பதின்மூன்றிலிருந்து பதினேழுக்குப் போகலாமா?

கேள்வி: திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் சாம்பிள் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மெஷின். 2022 தீபாவளிக்கு வாங்கிய 128 ஜிபி ஐபோன் 13தான் இன்னும் என் கையில் இருக்கிறது. இப்போதெல்லாம் மத்தியானம் மூன்று மணிக்கே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. படம் எடுக்கப் போனால் இடமில்லை என்கிறது. யூனிட்டுக்குள் இன்டர்நெட் இழுக்கிறது. எல்லாவற்றையும்விட, நான் அனுப்பிய படத்தில் இருந்த கலரும் கூரியரில் போன துணியின் கலரும் வேறு வேறாக இருக்கிறது என்று போன மாதம் மட்டும் இரண்டு முறை, ஆர்டர் கொடுக்கும் பையர் ஆபீஸிலிருந்து சத்தம். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற மகன், "ஐபோன் 17 வாங்குனா எல்லாஞ் சரியாப் போயிரும்மா. வட்டியில்லாத தவணைல தர்றாங்க. பழசை எனக்குக் குடுத்துருங்க" என்கிறான். அவனுடைய ஆண்ட்ராய்டு போன் டிஸ்ப்ளே உடைந்து கிடக்கிறது. வீட்டுக்காரரோ, "போன் பேசத்தான? இது பேசலையா?" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

சகோதரிக்கு வணக்கமுங்க.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. வீட்டுக்காரர் போனைப் பேசுகிற பெட்டி என்று நினைக்கிறார். உங்களுக்கு அது கணக்குப் பிள்ளை, போட்டோகிராபர், கூரியர் பையன் மூன்றும் சேர்ந்தது. மகன் பேச்சில் "பழசை எனக்குக் குடுத்துருங்க" என்ற கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். காந்திபுரத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் போன்களைப் பிரித்துப் பூட்டுகிறவன் நான். என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும் அம்மா, மகன் ஜோடிகளில் பாதிக் கதை இதுதான். கேட்கிற வயசு, கேட்கட்டும். ஆனால் வைத்தியம் சொல்கிறவனுக்கு மருந்துக் கடையில் பங்கு இருந்தால் இன்னொரு வைத்தியரையும் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்குத்தானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்கா, ஏருக்கா, பாலுக்கா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். சந்தையில் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும், சுழி பார்ப்பதும் அதற்கு அப்புறம். போன் விஷயத்தில் மட்டும் நாம் கடைக்குள் நுழைந்து சுழியெல்லாம் எண்ணிவிட்டு, எந்த வேலைக்கு என்று வீட்டுக்கு வந்து யோசிக்கிறோம். அதனால் 17 மாடலை நான் ஓரமாக வைத்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் நான்கு நோவு சொல்லியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் புது மாடல் தீர்க்குமா என்று மட்டும் பார்ப்போம்.

சார்ஜிலிருந்து ஆரம்பிக்கிறேன். செட்டிங்ஸில் பேட்டரி என்பதற்குள் போனால் பேட்டரி ஹெல்த் என்று இருக்கும். அங்கே மேக்சிமம் கெப்பாசிட்டி எத்தனை சதவீதம் என்று காட்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் 80க்குக் கீழேதான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். கணக்கு எளிது. பேட்டரியில் 100 சதவீதத்தைச் செலவழித்தால் ஒரு சைக்கிள். இன்றைக்கு 60, நாளைக்கு 40 என்று செலவழித்தாலும் கூட்டி ஒன்றுதான். ஐபோன் 14 வரைக்கும் வந்த மாடல்களின் பேட்டரி, 500 சைக்கிள் முடியும்போது 80 சதவீதம் பிடிக்கிற மாதிரி செய்யப்பட்டது என்று ஆப்பிள் கம்பெனியே சொல்கிறது. உங்களை மாதிரித் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு சைக்கிள் ஓடும். அப்படியென்றால் ஒன்றரை வருஷத்துக்குள் 500 முடிந்துவிட்டது. 2022 தீபாவளியிலிருந்து எண்ணினால் ஆயிரமும் தாண்டியிருக்கும். டயர் தேய்ந்த மாதிரி இது. டயர் தேய்ந்ததற்கு யாரும் வண்டியை மாற்றுவதில்லை.

தேய்ந்த பேட்டரி சீக்கிரம் தீர்வதோடு நிற்பதில்லை. உள்ளே கரண்டு ஓடுவதற்கு எதிர்ப்பு ஏறிவிடும். கேமரா, வீடியோ கால் என்று திடீரென்று அதிகக் கரண்டு கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துபோகும். அப்படி அணையாமல் இருக்க, போனே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைச் சொல்லாமல் செய்ததற்காக 2017 டிசம்பரில் ஆப்பிள் உலகம் முழுக்க மன்னிப்புக் கேட்டு, அடுத்த வருஷம் பேட்டரி மாற்றும் விலையையும் குறைத்தது. மேலே சொன்ன அந்தச் சதவீதக் கணக்கு போனுக்குள் வந்ததே அந்தச் சண்டைக்குப் பிறகுதான். "போன் பழசாயிருச்சு, ஸ்லோவாயிருச்சு" என்று வருகிற ஐபோன்களில் பலதுக்கு நான் பேட்டரி மட்டும்தான் மாற்றித் தருகிறேன்.

யூனிட்டில் போனை எங்கே வைக்கிறீர்கள்? அயர்ன் டேபிள் பக்கம் என்றால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள். சுற்றிலும் 35 டிகிரிக்கு மேல் இருக்கிற இடத்தில் பயன்படுத்தாதே என்று அந்தக் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. நம்மூர் சித்திரை வெயிலிலேயே அது தாண்டிவிடும். இதில் ஸ்டீம் அயர்ன் வேறு என்றால் பேட்டரி என்ன செய்யும், பாவம். சூட்டில் சார்ஜ் ஏற்றுவது எல்லாவற்றையும்விடக் கெடுதல்.

பேட்டரியை எங்கே மாற்றுவது? என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன்: உங்கள் போனுக்குக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கே போங்கள். வெளி பேட்டரி போட்டால் போன் ஓடும். ஆனால் 'தெரியாத பாகம்' என்று செட்டிங்ஸில் எழுதிக் காட்டும், பின்னால் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது அதைச் சொல்லி விலையைக் குறைப்பார்கள். தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே ஒட்டியிருக்கும் பசையையும் திறந்தால் புதிதாக ஒட்ட வேண்டும். எங்கள் தெருவில் அதை ஒழுங்காகச் செய்கிறவர்களும் உண்டு, பெவிக்விக் வைக்கிறவர்களும் உண்டு. வெளியில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதலில் போன் பண்ணி விலை கேட்டுவிட்டுப் போங்கள்.

இடமில்லை என்கிற நோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ். எந்த குரூப் எத்தனை ஜிபி தின்றிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். சொந்தக்காரர்கள் குரூப்பில் வரும் குட்மார்னிங் ரோஜாப் பூவும், குலதெய்வம் கோயில் கும்பாபிஷேக வீடியோவும்தான் முதல் இடத்தில் நிற்கும். என் போனிலும் அப்படித்தான். ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். சாம்பிள் படங்களை ஆர்டர் வாரியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். அது போனில் இருக்க வேண்டியதே இல்லை, தொலைந்தால் ஆர்டர் சரித்திரமே தொலையும். 17 மாடல் 256 ஜிபியில்தான் தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் சுத்தம் செய்கிற பழக்கம் வராமல் போனால் அதுவும் நிறைந்துவிடும். மூன்று வருஷம் ஆகும், அவ்வளவுதான்.

இன்டர்நெட் இழுப்பதற்கும் போனுக்கும் சம்பந்தமில்லை. ஐபோன் 13லேயே 5ஜி இருக்கிறது. இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1ஆம் தேதி; ஐபோன்களுக்கு அந்த டிசம்பரில் வந்த அப்டேட்டில் திறந்துவிட்டார்கள். உங்கள் யூனிட்டுக்குத் தகர ஷீட் கூரையாக இருக்கும். தகரம் சிக்னலை உள்ளே விடாது. வாசலில் நின்றால் நன்றாக வருகிறதா பாருங்கள். வந்தால் குற்றவாளி கூரைதான். பிராட்பேண்ட் போட்டு வைஃபையில் இணைத்து, செட்டிங்ஸில் வைஃபை காலிங்கையும் திறந்துவிடுங்கள். பேச்சும் தெளிவாக வரும். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்வதும் குறையும், அது இலவச இணைப்பு.

இனி கலர். உங்களுக்கு உண்மையில் காசு போகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

புடவைக் கடையில் நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? பிடித்த புடவையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். கடைப் பையன் பின்னாலேயே ஓடுவான். டியூப் லைட்டில் மாம்பழக் கலராக இருந்தது வெளியில் வந்தால் வேறாகத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். டையிங்காரர்களும் பையர்களும் அதையே ஒரு பெட்டிக்குள் செய்கிறார்கள். லேப் டிப் (மாதிரிக்குச் சாயம் போட்ட சின்னத் துணித் துண்டு) அப்ரூவல் என்றால் லைட் பாக்ஸுக்குள் வைத்து டி65 வெளிச்சத்தில் ஒரு முறை, டிஎல்84 வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்பது எதற்கு? டி65 பகல் வெளிச்சத்துக்குப் பதில், டிஎல்84 ஐரோப்பியக் கடைகளில் எரியும் விளக்குக்குப் பதில். ஒரு வெளிச்சத்தில் ஒட்டிப்போகிற இரண்டு துணி இன்னொன்றில் பிரிந்து நிற்கும். இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் தொழில். ஆனால் போன் கேமராவும் இதே வலையில்தான் மாட்டுகிறது என்பதை நான் சொல்லலாம்.

துணியை எந்த விளக்கின் கீழ் வைத்துப் படம் எடுக்கிறீர்களோ, அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் கேமரா 'இதுதான் வெள்ளை' என்று ஒரு ஊகம் செய்கிறது. படம் முழுக்க ஒரே மெரூன் துணி என்றால் ஊகிப்பதற்கு அதற்குப் பிடி எதுவும் இல்லை. தானாக ஒரு பக்கம் சாய்த்துவிடும். அதே துணியைக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் வேறு மெரூன். ஐபோன் 17 ஊகிப்பதும் ஊகம்தான். 48 மெகாபிக்சல் என்றால் இழை நன்றாகத் தெரியும். ஷேடு சரியாக வரும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கையில் இருக்கிற போனிலேயே மூன்று இடத்தைப் பாருங்கள். செட்டிங்ஸில் கேமராவுக்குள் போட்டோகிராபிக் ஸ்டைல்ஸ் என்று ஒன்று இருக்கும். இது உங்கள் 13 மாடலோடுதான் முதன்முதலில் வந்தது. அதில் வைப்ரன்ட், வார்ம் என்று எதையாவது தேர்ந்தெடுத்திருந்தால், எடுக்கிற ஒவ்வொரு படத்தின் கலரையும் போனே மாற்றி எழுதும். ஸ்டாண்டர்டு என்று இருக்க வேண்டும். உங்கள் மகன் எப்போதாவது செல்ஃபி நன்றாக வருவதற்காகத் தொட்டிருக்கிறானா என்று கேளுங்கள். நான் சும்மா கேட்கவில்லை. இதே மாதிரி உங்கள் ஊரிலிருந்தே வந்த, ஆர்டர் பார்த்துக்கொள்கிற ஒரு மெர்ச்சண்டைசர் போனில் வார்ம் ஸ்டைல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆறு மாதமாக வெள்ளை பனியனெல்லாம் சந்தன நிறத்தில் போயிருக்கிறது.

அடுத்தது டிஸ்ப்ளே. அண்ட் பிரைட்னஸ் என்று கூடவே எழுதியிருக்கும், அதற்குள் ட்ரூ டோன், நைட் ஷிப்ட் என்று இரண்டு இருக்கும். ட்ரூ டோன், அறையில் இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்துத் திரையின் நிறத்தைச் சாய்க்கும். நைட் ஷிப்ட் திரையை மஞ்சளாக்கும். கண்ணுக்குச் சுகம், ஷேடு பார்க்கிற வேலைக்கு விஷம். துணியையும் படத்தையும் பக்கத்தில் வைத்து 'சரியா இருக்கே' என்று நீங்கள் நினைத்து அனுப்பிய அன்றைக்கு ட்ரூ டோன் போட்டிருந்தால், நீங்கள் பார்த்ததும் அவர்கள் பார்த்ததும் ஒன்றே இல்லை. இரண்டையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படத்தை நசுக்கித்தான் அனுப்பும். 2023லிருந்து ஹெச்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அது பரவாயில்லை. முழுசாகப் போக வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லை மெயிலில் போடுங்கள்.

இதோடு, துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும், அப்ரூவல் ஆன லேப் டிப் துண்டையும் வைத்தே படம் எடுங்கள். கேமராவுக்கு வெள்ளை எது என்று பிடி கிடைக்கும். பார்க்கிறவருக்கும் ஒப்பிட ஒன்று இருக்கும்: அவர் கையிலும் அதே லேப் டிப் இருக்கிறதே. வடக்கு ஜன்னல் ஓரத்தில், காலை பத்து மணி வெளிச்சத்தில், தினமும் ஒரே இடத்தில் எடுங்கள். படத்தோடு 'ஷேடுக்கு ஒப்புதல் துணியை வைத்து மட்டும்' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி எண்பதாயிரம் ரூபாய் போனைவிட உங்களைக் காப்பாற்றும். நானாக இருந்தால், போனுக்கு என்று எடுத்து வைத்த காசில் ஒரு பங்கை நல்ல லைட் பாக்ஸுக்குப் போடுவேன்.

ஆக நான்கு நோவில் ஒன்றுக்குப் பேட்டரி, ஒன்றுக்கு துடைப்பம், ஒன்றுக்கு வைஃபை, ஒன்றுக்கு வெளிச்சம்.

இப்படிச் சொல்வதால் 17 மாடலில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கும், உங்களுடையது 60. வெயிலில் திரை நன்றாகவே தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய் எண்ணிக் கணக்கு எழுதுகிற ஒருவருக்கு, இதற்காகவே புதுசு வாங்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வெயிலில் நின்று போன் பார்க்கிறவர் இல்லை. சார்ஜர் டைப்-சி ஆகிவிட்டது (2023இல் வந்த 15 மாடலிலிருந்தே), யூனிட்டில் எல்லாரும் வைத்திருக்கிற வயரையே நீங்களும் செருகலாம். சின்ன சௌகரியம், ஆனால் தினமும் கிடைக்கிற சௌகரியம். 15 மாடலிலிருந்து பேட்டரியும் 1,000 சைக்கிள் வரைக்கும் 80 சதவீதம் நிற்கிற மாதிரி செய்கிறார்கள், இது உண்மையான முன்னேற்றம். ஏஐ வேலைகள் என்று விளம்பரத்தில் வருவது உங்கள் 13இல் வராது, அதற்கு 15 ப்ரோ முதல்தான். அது இல்லாமல் உங்கள் எந்த ஆர்டரும் நிற்கவில்லை.

உங்களுக்கு வாங்கலாம் என்று என் மனசு தடுமாறுகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. மேக்ரோ. தையலை ஒரு விரற்கடை தூரத்தில் வைத்துப் படம் எடுத்தால் 13இல் மங்கும், 17இல் ஒவ்வொரு நூலும் தெரியும். இன்ச்சுக்கு எத்தனை தையல் என்று படத்திலேயே எண்ணச் சொல்கிற பையர் இருந்தால் இது ஆசை காட்டுகிற விஷயம்தான். ஆனால் துணியில் இழை எண்ணுகிற மடக்குக் கண்ணாடி உங்கள் மேஜை டிராயரில் ஒன்று கிடக்கும். அதைத் துணிமேல் விரித்து வைத்து, போன் கேமராவை அதன்மேல் பொருத்தி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதற்கப்புறமும் போதவில்லை என்றால் சொல்லுங்கள், பேசலாம்.

மெகாபிக்சல் ஆசையில் நானும் ஒரு முறை ஏமாந்தவன்தான். 200 மெகாபிக்சல் என்று பெட்டியில் அடித்திருந்த ஒரு போனை, பேர் வேண்டாம், வாங்கினேன். சாதாரணமாக எடுத்தால் பதினாறு புள்ளியை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டரை மெகாபிக்சல் படம்தான் தரும். இருட்டில் படம் நன்றாக வருவதற்காக அப்படிச் செய்வது, தப்பில்லை. பெட்டியைப் படித்து வாங்கிய என் தப்பு. இருபது வருஷ சர்வீஸ்காரன் என்று என் பெண்டாட்டி இன்னும் குத்திக் காட்டுகிறாள்.

அப்புறம் அந்த வட்டியில்லாத தவணை. சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுகிற மாதிரி, இதில் விரல் உள்ளே இருக்கிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடும். அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடி காட்டும். ஆனால் கிரெடிட் கார்டு தவணை என்றால் வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது உங்கள் தலையில். வட்டி 6,000 ரூபாய் என்றால் 1,080 ரூபாய் வரி. பிராசஸிங் ஃபீஸ் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடி, தவணைக்குப் பல நேரம் கிடையாது. இரண்டு விலையையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகத்திலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

17 மாடல் 256 ஜிபி வந்தபோது விலை 82,900 ரூபாய். அதற்குள் 18 சதவீத வரி சுமார் 12,645 ரூபாய் அடங்கியிருக்கிறது. உங்கள் யூனிட் ஜிஎஸ்டியில் பதிவாகியிருந்து, கம்பெனி பேரில், உங்கள் ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்கினால், தொழிலுக்குப் பயன்படுத்துகிற போனுக்கு அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் சின்ன சதவீதம் மட்டும் வரி கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. எப்போது வாங்கினாலும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். தீபாவளி அவசரத்தில் சொந்தப் பேரில் பில் போட்டுவிட்டு, "மாத்தித் தர முடியுமாங்க" என்று அப்புறம் ஓடி வருகிறவர்கள் நிறையப் பேர்.

மகன் சொல்கிற வழியில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பழசை அவனுக்குக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடி போச்சு. அப்படியென்றால் நீங்கள் முழு விலை கொடுத்து இரண்டு போன் பார்க்கிறீர்கள்: உங்களுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அந்தக் கணக்கை அவன் சொல்லவில்லை, பாருங்கள்.

சரி, 13 இன்னும் எத்தனை நாள் தாங்கும்? நான் இதற்குப் பார்ப்பது ஒன்றைத்தான்: பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும். ஜிபே, வங்கி ஆப் எல்லாம் வைத்துப் புழங்குகிற போனுக்கு அதுதான் உயிர்க் கணக்கு. ஐபோனை ஓட்டுகிற மென்பொருளான ஐஓஎஸில் 2025 செப்டம்பரில் வந்த 26ஆம் பதிப்பு, 2019இல் வந்த ஐபோன் 11 வரைக்கும் வேலை செய்கிறது. (18க்கு அடுத்தது 26 என்றதும் நடுவில் ஏழு பதிப்பைத் தவறவிட்டோமோ என்று பயந்துவிடாதீர்கள். வருஷக் கணக்குக்குப் பேர் மாற்றினார்கள், அவ்வளவுதான்.) 2018 மாடல்களை அந்த அப்டேட்டோடு கழற்றிவிட்டார்கள். அதாவது ஒரு மாடலுக்கு ஆறேழு வருஷம் கிடைத்து வருகிறது. உங்களுடையது 2021 மாடல். அதே நடையில் போனால் இன்னும் ஒன்றிரண்டு தீபாவளிக்குக் கவலை இல்லை.

ஆண்ட்ராய்டு வைத்திருக்கிற மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: உங்களுக்குக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24 வரிசைக்கும், 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கும் ஏழு வருஷ அப்டேட் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மலிவு விலைப் போன்களுக்கு அவ்வளவு வராது. செட்டிங்ஸில் அபவுட் போனுக்குள் ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். அது ஒரு வருஷத்துக்கு முந்திய தேதியில் நின்று, புதுசும் வரவில்லை என்றால், போன் புத்தம் புதுசாகப் பளபளத்தாலும் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது.

உங்களுக்கு என் முடிவு: இப்போது வாங்க வேண்டாம். பேட்டரி மாற்றுங்கள், இடத்தைக் காலி செய்யுங்கள், வைஃபை போடுங்கள், மேலே சொன்ன மூன்று செட்டிங்கைத் திருத்துங்கள். ஆறு மாதம் ஓட்டுங்கள். கீழே விழுந்து திரை உடைந்தாலோ, மேக்ரோ இல்லாமல் ஒரு பையரோடு சத்தியமாக ஒத்துப்போகவில்லை என்றாலோ அப்போது வாங்குங்கள், நானே தடுக்க மாட்டேன். வழக்கமாகச் செப்டம்பரில் புது மாடல் வந்ததும் முந்தைய மாடல் விலையைக் குறைப்பார்கள். 2025இல் 17 வந்த அன்றே 16இன் விலை 79,900லிருந்து 69,900க்கு இறங்கியது. ஒவ்வொரு வருஷமும் அப்படி நடந்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. ஆனாலும் ஏதோ ஓர் ஆஃபர் முடிகிறதே என்று நீங்கள் ஓட வேண்டியதில்லை. ஆடித் தள்ளுபடி வரும், ஆகஸ்ட் 15 வரும், ஆஃபருக்கு நம்மூரில் பஞ்சமா?

பேட்டரி மாற்றக் கொடுக்கும்முன் இரண்டு வேலை. ஐகிளவுடிலோ கம்ப்யூட்டரிலோ முழு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்புக்குத் தனியாக ஒரு பேக்கப். பூட்டுத் திறக்கும் எண்ணையும் ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டையும் தாளில் எழுதி எந்தக் கவுண்டரிலும் கொடுக்காதீர்கள், கேட்கிறவர் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும். போனைத் திறக்க வேண்டும் என்றால் நீங்களே பக்கத்தில் நின்று திறந்து காட்டுங்கள். பேட்டரி மாற்றுவதற்கு உங்கள் போட்டோக்களைப் பார்க்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லை.

மகன் போனுக்கு டிஸ்ப்ளே மாற்றினால் போதுமா, இல்லை அதையும் கழிக்க வேண்டியதா என்பது மாடலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. என்ன மாடல், எந்த வருஷம் வாங்கியது, அந்த செக்யூரிட்டி தேதி எந்த மாதத்தில் நிற்கிறது, மூன்றையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இந்த முறை அம்மா வழியாக வேண்டாம், தம்பியே எழுதட்டும்.